கடைசியிலிருந்து ஆடியவர்

கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் ஆக்னல் வேலை பார்க்கிறார். வீடியோ கேம் ஆடும் பெரியவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். மனைவி ஆக்ஸிலியாவைப் பார்த்தும் இருபது வருடம் சிரித்தார். பள்ளி நூலகரான அவள், பழைய சாகசக் கதை விளையாட்டு ஒன்றை ஆடி முடித்து, கட்டம் கட்டமாகச் சேமித்து வைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

அதன்பிறகுதான் ஆக்னல் அதைத் தொட்டார். வேலையிடத்துக் கணினியில் கடைசியாக வந்த விருந்தினர் பெயர்தான் மேலே இருக்கும்; அதைத்தான் முதலில் திறப்பார். அந்தப் பழக்கத்தில், அவள் சேமித்த கட்டங்களின் பட்டியலிலும் உச்சியில் இருந்ததைத் திறந்தார். அது கதையின் முடிவு. அங்கே மூன்று வீரர்கள் நின்றார்கள். தலைவனுக்கு ஆக்னல் என்று பெயர் வைத்திருந்தாள். அந்த மூவரில் யாருக்கும் தன் பெயரை வைக்கவில்லை. அது அவருக்கு வலித்தது. முந்தைய கட்டங்களில் எங்காவது அவள் இருப்பாளா என்று தேடி, மாலைக்கொரு கட்டமாகப் பின்னால் போனார்.

“கதை முடிஞ்சிருச்சா மாப்ளே?” என்றார் மாமியார் தெரசம்மாள்.

“முடிஞ்சுதான் கெடக்கு அத்தை. ஆரம்பத்தைத் தேடிக்கிட்டிருக்கேன்.”

“ஊரே போற பக்கத்துலேர்ந்து நீங்க வர்றீங்க.”

ஏழாவது கட்டத்தில் நான்காவதாக ஒரு மருத்துவச்சி நின்றாள். பெயர் ஆக்ஸிலியா. ஊர் எல்லையைத் தாண்டியதும் வரும் சண்டையில் அவள் சாக வேண்டும் என்பது கதை. எப்படி ஆடினாலும் தப்பிக்க வழி கிடையாது. இன்னும் பின்னால் போனால் அவளை யாரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

ஆக்னல் அங்கேயே நின்றுவிட்டார். தினமும் அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், இருப்பதிலேயே உறுதியான கவசத்தை வாங்கி மாட்டிவிடுகிறார். ஊர் எல்லையை மட்டும் தாண்டுவதில்லை.