வண்டி மை

11-9-1973. புதுச் செயின். 58 ரூபாய்.
20-6-1974. புதுச் செயின். 64 ரூபாய்.
2-5-1975. புதுச் செயின். 70 ரூபாய்.
14-2-1976. புதுச் செயின். 72 ரூபாய்.
5-1-1977. புதுச் செயின். 75 ரூபாய்.

குப்பண்ணன் மோட்டார்சைக்கிளின் பின்சக்கரப் பல்லில் கிடக்கும் செயினை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கம் இழுக்கிறார். பல்லுக்கும் செயினுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்; தெரியவில்லை. மனம் ஆறவில்லை. சக்கரத்தைக் கால்சுற்று நகர்த்தி மறுபடி இழுக்கிறார். மீனாட்சிபுரத்தில் மாடுகளும் கடலைக்காடும் வைத்திருக்கும் அவருக்கு வயது அறுபது. பால் கறந்து முடித்ததும் தினமும் இதுதான் முதல் வேலை.

சனிக்கிழமைகளில் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். கண்ணி கண்ணியாகத் தேய்த்து, துடைத்து, என்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். மாட்டும்போது, இரண்டு நுனியையும் பூட்டும் லாக்கின் மூடிய முனை வண்டி ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று மூன்று தடவை குனிவார். ஒரு வருஷம் முடிவதற்குள் புதுச் செயின் வாங்கி, தேதியும் தொகையும் நோட்டில் குறித்துவிடுவார். பழையதன் நுனியில் புதியதைக் கோத்து இழுத்தால், பழையது வெளியே வர வர, புதியது முன்பல்லைச் சுற்றி உள்ளே போய்விடும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் வேலந்தாவளம் மெக்கானிக் சுடலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "பொண்ணு பாக்கப் போறவன்கூட இப்பிடிக் குனிஞ்சு பாக்க மாட்டான் அண்ணாச்சி. இந்தச் செயின் இன்னும் ரெண்டு வருசம் ஓடுமே!"

"ஓடுனது போதுஞ் சுடல. கழட்டு."

முன்பு அவர் இப்படியில்லை. வெள்ளிக்கிழமை மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுவார். வைக்கோலைக் கருக்கி, இடித்து, சலித்து, விளக்கெண்ணெயில் குழைத்த மை. கொட்டாங்குச்சியில் மிஞ்சியதை மோட்டார்சைக்கிள் செயினுக்கும் தடவுவார். "ரெண்டும் உருள்றதுதானே?" என்பார். ஊரில் யாரும் தப்பென்று சொல்லவில்லை.

1973 ஆகஸ்ட் 19. கடலைக்காய் பறிக்க மகள் மருதாத்தாளும் மாப்பிள்ளை மாரப்பனும் வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு மாரப்பனைப் பாம்பு தீண்டியது. குப்பண்ணன் வண்டியை எடுத்தார். மாரப்பனை நடுவில் உட்காரவைத்து, பின்னாலிருந்து மருதாத்தாள் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூடப் போகவில்லை, செயின் அறுந்தது. எதிரே வந்த மாட்டுவண்டியைத் திருப்பி ஏற்றினார்கள். நன்றாக மை போட்ட அச்சு. சத்தமே இல்லாமல் உருண்டது. ஆஸ்பத்திரியில், "அரைமணி முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அறுந்த செயினைச் சுடலை விரலால் வழித்து, நகத்தில் நெருடிப் பார்த்தார். "இது மை இல்ல அண்ணாச்சி, அரம். கரியும் மண்ணும் சேந்து கண்ணிய இணைக்கிற முளையெல்லாம் தின்னுட்டுது. யாரு போட்டது?"

குப்பண்ணன் புதுச் செயினுக்கு ஐம்பத்தெட்டு ரூபாயை எண்ணி வைத்தார். அன்று தேதி 11-9-1973.

மருதாத்தாள் சூரியநெல்லி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போய்விட்டாள். மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும், "எந் தலையெழுத்துங்க அப்பா, நீங்க வெசனப்படாதீங்க" என்று ஒரு வரி. அந்த வரி வரும்போதெல்லாம் குப்பண்ணனுக்குச் சோறு இறங்காது. மனைவி பொன்னாத்தாள் தட்டை எடுத்துக்கொண்டே, "ஏனுங்க, புள்ள கடுதாசி வந்தா இப்பிடியா?" என்பாள். சுடலை சொன்னதை அவளிடமும் அவர் சொல்லவில்லை.

இந்த மே மாதம் பொறுக்க முடியாமல் மகளுக்கு எழுதிவிட்டார். தலையெழுத்து இல்லை, தான் தடவிய மைதான் என்று, சுடலை சொன்னதை ஒன்று விடாமல்.

பதில் கார்டில் ஐந்தே வரி. வழக்கமான அந்த வரி இல்லை.

"அப்பா, அந்த வாரம் மை கொழச்சது நானுங்க. இடிச்சதும் சலிச்சுக் குடுன்னீங்க. கடலைக்காய் வேலைல சலிக்காமயே குடுத்துட்டனுங்க. இத்தனை நாளாத் தெரியாம இருந்துச்சு. நீங்க எழுதாமயே இருந்திருக்கலாமுங்க."

குப்பண்ணன் அன்றே ஒரு கடிதம் போட்டார். பிறகு இரண்டு. சூரியநெல்லியிலிருந்து வேறு கார்டு வரவில்லை.

இன்று சனிக்கிழமை. செயின் மண்ணெண்ணெயில் ஊறுகிறது. அவர் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். கடைசிச் செயினுக்குக் கீழே, தொகை எழுதும் இடத்தை வெறுமனே விட்டு, மகளின் கார்டு வந்த தேதியை மட்டும் எழுதினார்.

9-6-1977.