தலைக்கு மேலே போகும் பூனைகள்

எங்கள் ஊரில் ஏரியில் வலை போட முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்போம். பாடு வரும் நாளில்தான் ஒரு வீட்டார் இறால் நிறைய விழும் இடத்தில் வலை போடலாம். மறுநாள் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். போன மழைக்காலத்தில் எங்கள் பாடு அன்று, என் மாமனார் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலில் இறங்கினார். எங்கள் வெள்ளைப் பூனை குறுக்கே ஓடியது. அவர் திரும்பி வந்து வலையை இறக்கினார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். மறுபடி கிளம்பியபோது நீரோட்டம் மாறி, அன்றைய பாடு வீணாகிவிட்டது.

"அடுத்த பாட்டுக்குள்ள ரெண்டையும் கோணியில கட்டி அக்கரையில வுட்டுட்டு வாடா" என்று என் கணவரிடம் சொன்னார்.

இரண்டு என்றால் வெள்ளைப் பூனையும் அதன் குட்டியும். மூன்று வயதாகியும் என் மகள் எங்களிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டாள். பூனைகளிடம் மட்டும் ஓயாமல் பேசுவாள். பூனைகள் போனால் அந்தப் பேச்சும் நின்றுவிடுமோ என்ற பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பெரியவர் பேச்சை மீறுவது சரியா என்றும் குழம்பினேன். மாமனார் சொல்லை அதுவரை நான் தட்டியதே இல்லை.

ஆனாலும் பூனைகள் தரையில் இறங்காமல் போய்வர ஒரு வழி கட்ட ஆரம்பித்தேன். கொட்டகை போட்டதில் மிஞ்சிய சவுக்குக் கம்புகளை நட்டு, உடைந்த படகின் பலகைகளைப் படிபோல ஏற்றினேன். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படுக்கையாக்கினேன். நகம் கீறக் கம்புகளில் பழைய கயிற்றைச் சுற்றினேன். உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் கயிற்றால்தான் கட்டினேன். மகள் ஏறிவிடுவாளோ என்று முதல் படியை இரண்டு முறை அவிழ்த்து உயரே கட்டினேன். ஏரிக்குப் போகும் பாதை தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதன் மேலே, ஆள் தலைக்கு எட்டாத உயரத்தில், முருங்கை மரத்திலிருந்து குளியலறைக் கூரைக்கு ஒரு நீளப் பலகை போட்டேன்.

"இன்னாம்மா இது, பூனைக்கு மேம்பாலமா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை. கீழ குறுக்க போனாத்தானே குத்தம்?"

"புள்ளைய வளக்கச் சொன்னா பாலம் கட்டுது பாரு!"

பூனைகள் மேலே நடந்து பழகிவிட்டதால் என் கணவர் கோணியைத் தேடவில்லை. அடுத்த பாடு வந்தது. அப்பாவும் மகனும் இறங்கும் நேரம் பார்த்து வெள்ளைப் பூனை பலகையில் நிதானமாக நடந்தது. மாமனார் நின்றுவிட்டார்.

"நைனா, அது மேலதான் போச்சு" என்றார் கணவர்.

"மேல போனாலும் குறுக்கதானடா?"

என்னையும் மீறி வாய் திறந்துகொண்டது. "காக்கா தெனமும் தலைக்கு மேல குறுக்க பறக்குது மாமா. அதுக்கெல்லாம் திரும்பி வந்தா யாரும் ஏரிக்கே போக முடியாது."

அவர் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். "இது எப்பலேந்து பேச ஆரம்பிச்சுது?" என்று கேட்டுவிட்டு ஏரிக்குப் போய்விட்டார்.

அரைக்கூடைப் பொடி இறாலுடன்தான் திரும்பினார்கள். மாமனார் பலகையை அண்ணாந்து பார்த்து, "பாத்தியா?" என்றார்.

"முகத்துவாரம் மணல் மூடி, கடல்லேந்து இறால் உள்ள வர முடியாமக் கெடக்குது மாமா. அத மூடினது எங்க பூனையா?"

அவர் கால் கழுவப் போனார். மகனிடம் கோணி என்ற பேச்சையும் எடுக்கவில்லை. அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றும் தோன்றுகிறது. அடுத்த பாட்டிலும் இறால் குறைந்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. ஆனால் பலகையை நான் இறக்கப்போவதில்லை. என் மகள் இப்போது அதன் கீழே நின்று, அண்ணாந்து, முழு வாக்கியமாகப் பூனையைத் திட்டுகிறாள். இறக்க நினைப்பவர்கள் அவளிடம் கேட்டுவிட்டு இறக்கட்டும்.