பத்து எழுத்துக்குள் ஒரு பெயர்

வலங்கைமான் பக்கம் ஒரு நெல் மில்லில்தான் எனக்கு முதல் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, மயிலாடுதுறையிலிருந்து பஸ் மாறி மாறி வேலைக்குப் போய் வந்தேன்.

மில் முதலாளி துபாயில் ரொம்ப வருஷம் இருந்தவர். அங்கே ஒரு கிடங்கில், எந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று திரையில் பார்த்துச் சொல்வார்களாம். அதே மாதிரி இங்கேயும் வேண்டும் என்றார். நெல் ரகம், ஈரப்பதம், எந்த வாய்க்கால் பாசனம், போன சம்பா போகத்தில் அதே வயல் நெல் எப்படி இருந்தது, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். வாங்கி வைத்திருந்ததோ யாரோ உபயோகித்துக் கழித்த கம்ப்யூட்டர். ஒன்றைத் தேடச் சொன்னால், டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.

"இதுக்கு மேல சேர்த்தா திணறிடும் சார்" என்பேன்.

"துபாயில திணறலையேம்மா?"

"அது வேற மெஷின் சார்."

சிரித்துவிடுவார். மறுநாள் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்வார்.

இதற்கெல்லாம் இடம் ஒதுக்கியதில் விவசாயிகளின் பெயருக்குப் பத்து எழுத்துதான் மிச்சம், அதுவும் இங்கிலீஷில். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அப்பா பெயரைச் சேர்க்க இடமில்லை. "ஊர்ல கூப்பிடற பட்டப்பேரைப் போட்டுடுங்க" என்றார் முதலாளி. ரசீதிலும் அதுதான் அச்சாகும் என்று சொன்னேன். "இங்கிலீஷ்ல இருக்கிறதை யார் படிக்கப்போறா?" என்றார்.

அப்படிப் பட்டப்பெயர் ஏறியவர்களில் ஒருவர், ஏஜெண்டை நம்பிச் சிங்கப்பூர் போய், ஏமாந்து, சில மாதத்திலேயே திரும்பி வந்தவர். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'ரிட்டன்' என்றே பெயர்.

அறுவடை நேரம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எடை போட்ட நெல்லோடு அவர் டிராக்டர் உள்ளே போக வேண்டும். வாசலில் புதிதாகச் சேர்ந்த காவல்காரர் ரசீதைப் பார்த்தார். பெரிய இங்கிலீஷ் எழுத்தில் 'ரிட்டன்' என்றிருந்தது. நெல்லை வேண்டாம் என்று திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பதாக நினைத்து, டிரைவரிடம் சொல்லி டிராக்டரைத் திருப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த விவசாயி நனைந்தபடியே ஆபீசுக்குள் வந்தார். சத்தம் போடவில்லை. ரசீதை என் மேஜையில் வைத்தார்.

"ஊர்க்காரன் கூப்பிடறான், பொறுத்துக்கறேன். மெஷினுமாம்மா கூப்பிடணும்?"

முதலாளி எழுந்து வந்துவிட்டார். "தப்பு என்னுதுதாண்ணே. அந்தப் பேரைப் போடச் சொன்னது நான்தான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே மழையில் இறங்கி ரோடுவரை ஓடி, டிராக்டரை நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடச் செய்து உள்ளே கூட்டிவந்தார்.

சாயங்காலம் முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முழுப் பேரும் அப்பா பேரும் வரணும்னா எதை எடுக்கணும்?"

"பழைய சம்பா விவரத்தை எல்லாம் எடுக்கணும் சார். தனியா பிளாப்பி டிஸ்க்குல வச்சுக்கலாம். ஆனா உடனே பார்க்க முடியாது."

அவர் அதிகம் ஆசைப்பட்டதே அதைத்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துடுங்க" என்றார்.

அடுத்த போகத்தில் ரிட்டன் என்று அழைக்கப்பட்டவர் மறுபடி நெல் கொண்டுவந்தார். வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. புது ரசீதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். "எங்கப்பாவும் வந்துட்டாரே!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு நான் சென்னைக்குப் போனேன், அங்கிருந்து வெளிநாட்டுக்கும். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் எதைச் சேர்க்கச் சொன்னாலும் இடம் இருக்கிறது. எதை விடலாம் என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்பதில்லை. தவிட்டு வாசனை அடிக்கும் அந்த அறையில், முதலாளியோடு வாதாடிய சாயங்காலங்கள் எனக்கு இன்னும் வேண்டியிருக்கின்றன.