நான் விலை கொடுத்து வாங்கிய ஹாக்கி கையேடு

திருப்பூர் ராயபுரத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். மனைவி காலமான பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு."

அதற்குமேல் எங்களுக்குப் பேச இருப்பது ஐஸ் ஹாக்கி ஒன்றுதான். பெரிய அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' பற்றி ஆசையாக விளக்குவான். எனக்குப் பாதி புரியாது, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அவனுக்கு ஈடுகொடுத்துப் பேச வேண்டுமென்று, அந்த வீரர்களை எடைபோடும் கையேடு ஒன்றை இந்த வருஷம் இணையத்தில் பணம் கட்டி வாங்கினேன். எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் தைத்த பீஸைப் புரட்டிக் குறை பார்ப்பதுபோல ஒவ்வொரு பையனையும் அலசியிருந்தார்கள். வாரம் முழுக்கப் படித்தேன்.

ஞாயிறன்று மகன் ஆரம்பித்தான். "இந்தத் தடவை ஒரு கோல் கீப்பர் வர்றானுங்கப்பா..."

"தெரியும் சாமி. உசரமான பையன். முழங்கால்ல அடிபட்டிருக்குது. மொத ரவுண்டுல எடுக்க மாட்டாங்க."

அவன் அடுத்துச் சொல்ல வந்த வீரனைப் பற்றியும் நானே சொல்லி முடித்தேன்.

"உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்குதுங்களே!" என்று சிரித்தான். "சரிங்கப்பா, வெச்சுரட்டுங்களா?"

வைத்துவிட்டான். வீடு அமைதியான பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கென்று வாரத்தில் இருந்த ஒரே பேச்சை நானே காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

கையேட்டைக் குறை சொல்ல மாட்டேன், தரமானதுதான். என்னைப் போன்றவர்கள் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். இப்போது அவன் யார் பெயரைச் சொன்னாலும், தெரிந்தே, "அது யாரு கண்ணு?" என்று கேட்கிறேன்.