ஒரு கிளைக்கு மூன்று அறுப்பு

புதிதாக அறுத்த பூவரசங்கிளைக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் ஊறிய மரக்கதவில் மூக்கை வைத்தால் வருமே அதுபோல, கூடவே நறுக்கிய வெண்டைக்காயின் பிசுபிசுப்பும் கொஞ்சம். புரட்டாசி மாதம் முழுக்க என் நைனாவின் காக்கிச் சட்டையில் அந்த வாசனைதான் வரும். பத்து வயதில் அந்தச் சட்டையை நான் தினமும் மோந்து பார்த்தேன். பாசத்தில் இல்லை. வேறு வாசனை எதுவும் வருகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

நைனாவின் பெயர் ஏழுமலை. மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குப் போகும் வழியில் எட்டு வீடுகள் உள்ள ஒரு பிளாட்டில் வாட்ச்மேனாக இருந்தார். மோட்டார் ரூமை ஒட்டி, சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர். அம்மா விடிந்ததும் வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். செடி கொடி பார்ப்பது நைனாவின் வேலையே இல்லை, ஆனாலும் அவரே பார்த்துக்கொண்டார். மல்லிச்செடியை மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டுவார், பார்க்கிறவர்களுக்குச் செடி செத்துவிட்டது போலத் தெரியும், பங்குனியில் அதுவே மொட்டாகக் கொட்டும். மரத்தை மட்டும் புரட்டாசியில்தான் தொடுவார். ஐப்பசிக் காற்று வருவதற்குள் "பாரம் எறக்கணும்" என்பார். காக்கைக்கூடு இருந்தால் அந்தக் கிளைக்கு அந்த வருடம் லீவு.

எங்கள் பூவரசு பாதி கேட்டுப் பக்கமும் பாதி எங்கள் கூரைப் பக்கமுமாகக் கவிந்து நிற்கும். அவர் ரம்பத்தை எடுக்கும் நாளில் எல்லாம் பட்டினப்பாக்கத்திலிருந்து கன்னியம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். ஆடு வளர்ப்பவள். அறுத்துப் போட்ட தழையைக் கட்டிக்கொண்டு போக வருகிறாள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் மரத்தடியில் குந்தியிருக்க, நைனா மேலிருந்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மாவோடு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவோடு நான் பார்த்த டி.வி. சீரியல்களில் இப்படிச் சிரிக்கும் ஆண்கள் எல்லாருமே இன்னொரு வீடு வைத்திருந்தார்கள்.

எனக்கு இன்னும் பெரிய சந்தேகம் அவர் அறுக்கும் விதத்தில் இருந்தது. கை தடிமன் உள்ள கிளையை மற்றவர்கள் ஒரே அறுப்பில் தள்ளிவிடுவார்கள். நைனா மூன்று தடவை அறுப்பார். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் அறுத்து நிறுத்துவார். பிறகு இன்னும் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுப்பார், கிளை விழும். அப்புறம் மிச்சம் நிற்கும் கட்டையைத் தனியாக, கிளை மரத்தோடு சேருமிடத்தில் புடைத்திருக்குமே, அந்தக் "கழுத்து" மேல் ரம்பம் படாமல் எடுப்பார். இவ்வளவுக்கும் நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் கன்னியம்மா உட்கார்ந்திருப்பாள். அவளை உட்காரவைக்கத்தான் இப்படி இழுக்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியபடி, விளையாடுவது போல அவர்களையே சுற்றி வந்தேன்.

அந்த வருடம் கேட்டுப் பக்கக் கிளைகளை அறுத்து முடித்த அன்று, பிளாட் செகரெட்டரி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு மரத்துக்கு உங்கப்பாவுக்கு எத்தனை நாள்?"

"ஆட்டுக்கார அக்கா இருக்கணும்னுதான் சார் மெதுவா அறுக்குது. ஒரே கிளைய மூணு தபா அறுக்குது."

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "ஓஹோ! பிளாட் மரத்த வச்சு ஊர் ஆட்டுக்கெல்லாம் விருந்தா?" என்று கத்தி, ரம்பத்தை வாங்கிப் பூட்டிவிட்டார்.

நைனா கெஞ்சினார். "சார், ஒரு பக்கம் எறக்கிட்டேன். அந்தப் பக்கமும் எறக்கலன்னா மரம் பாரம் தாங்காது சார்."

"மரம் தாங்கும்ப்பா. உன் ஆடுதான் தாங்காது போல."

மாடியில் யாரோ சிரித்தார்கள். அன்றோடு கன்னியம்மா வருவது நின்றது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஐப்பசி முடியும்போது ஒரு பகலில் புயல் வந்தது. கூரைப் பக்கம் சாய்ந்திருந்த கிளை அடியோடு பிளந்தது. நைனா என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டார், அவர் வெளியே வருவதற்குள் ஷீட்டோடு கிளை அவர் வலது தோளில் இறங்கியது. எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கை அதற்கப்புறம் காதுக்கு மேல் எழவே இல்லை. வேலை போனது. நாங்கள் வேளச்சேரிப் பக்கம் போனோம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

யார் சொன்னது என்று நைனா ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததே எனக்கு வேதனை. தெரியுமா, தெரியாதா? எனக்குத் தட்டில் மீன் துண்டை நகர்த்தும்போது, இடது கையால் சட்டை பட்டனைப் போட முடியாமல் என்னைக் கூப்பிடும்போது, அவர் முகத்தையே பார்ப்பேன். பன்னிரண்டு வருடம் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். போன ஆடியில் நைனா இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கன்னியம்மா வந்தாள். தலை நரைத்திருந்தது. அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் கேட்டேன்.

"அக்கா, நீ ஏன் திடீர்னு வராம பூட்ட?"

"உங்க நைனாதான் வராதன்னுச்சு. 'எம் பொண்ணு செகரெட்டரியாண்ட இன்னாவோ சொல்லிக்கீது, கொழந்த மனசு, அதாண்ட கேட்டா பயந்துக்கும்'னுச்சு."

நான் விடவில்லை. "அப்ப ரெண்டு பேரும் இன்னாத்துக்கு அப்டி சிரிச்சீங்க?"

"உன்னப் பாத்துத்தான்டி! 'பீப்பி ஊதிக்கினே நோட்டம் வுடுது பாரு, இத்த போலீசு வேலைக்கு அனுப்பிடலாம்'னு மேல குந்திக்கினு சொல்லும். எனுக்குச் சிரிப்பு அடங்காது."

அவள் சொன்னது முழுக்க உண்மையா, சாவு வீட்டில் ஒரு பெண்ணைத் தேற்றச் சொன்னதா என்று இன்றும் ஒரு மூலையில் சந்தேகம் இருக்கிறது. என் புத்தி அப்படி. கேட்டுத் தெளிய நைனா இல்லை.

சென்ற மாதம் அந்த பிளாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பூவரசு நின்ற இடத்தில் டைல்ஸ் பதித்துக் கார் நிற்கிறது. எங்கள் அறையும் இல்லை. மல்லிச்செடிகள் இருந்த ஓரத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்.

நான் இப்போது தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். நேற்றுக் காலை கடைக்குப் போகும் வழியில், ஒப்பந்த ஆட்கள் தெருவோர மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து ஒரே அறுப்பு. கிளை பாதி தொங்கியதும் பட்டை தோலுரிந்தாற்போல அடி வரை கிழிந்து வந்தது. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"அண்ணே, மொதல்ல கீழ அறுங்கண்ணே!"

மேலே இருந்தவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, உங்க நைனா வெச்ச மரமா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.