மீட்டரில் மகள் எழுதியது

எங்கள் கடையில் தண்ணீரைச் சோதிக்கும் மீட்டர்களை வாடகைக்கு விடுகிறோம். ஆற்றிலோ ஏரியிலோ முக்கினால் உப்பு, அமிலத்தன்மை, கலங்கல் எல்லாம் எண்ணாகத் தெரியும். திரும்பி வரும் மீட்டரைக் கழுவி, அளவு சரிபார்த்து, உள்ளே பதிவானதை அழிப்பது பெட்டிக்காரர் வேலை. பதினெட்டு வருஷமாக மனிதர் மீட்டர்கள் வரும் மஞ்சள் பெட்டிகளோடுதான் குடித்தனம் நடத்துகிறார். அந்தப் பெயரை வைத்தவள் கடையில் கணக்கு எழுதும் நான்தான். ஒருத்தர் எடுத்த அளவு அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பதில் படு கறார். முதலாளியே சொன்னாலும் மசியமாட்டார்.

அவர் மகளும் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குத்தான் போனாள். அவள் கம்பெனி எங்களிடம்தான் மீட்டர் எடுக்கும். ஒவ்வொரு அளவோடும் இடத்தின் பெயரைப் பதிய ஒரு வரி உண்டு. வேலை முடிந்ததும் அந்த வரியில் அப்பாவுக்கு ஏதாவது எழுதி அனுப்புவாள். "மாத்திரை போட்டீங்களா?" "அந்த நீலச் சட்டைய எப்பதான் துவைப்பீங்க?" பெட்டிக்காரர் எனக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பார். பிறகு அதையும் அழித்துவிடுவார். மகளுக்கென்று தனிச் சட்டமா என்பார்.

தன்னோடு வேலை செய்த படகோட்டியை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். இவருக்குப் பிடிக்கவில்லை. நாலு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. மீட்டர்கள் மட்டும் வந்தன. இவர் படிக்காமலேயே அழித்தார்.

"படிச்சாத்தான் என்னவாம்?" என்று கேட்டேன்.

"உன் வேலையப் பாரும்மா."

பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் அனுப்பிய பெட்டி வந்தது. பத்து மணிக்குள் அழித்துவிட்டார். மத்தியானம் அவள் போன ஜீப் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து மருமகன் கடைக்கு வந்தான்.

"மாமா, கடைசி மீட்டர்ல உங்களுக்கு ரொம்ப நேரம் எழுதிட்டிருந்தா. என்னன்னு கேட்டேன், அது எங்கப்பாவுக்குன்னு சொல்லிட்டா. என்ன எழுதியிருந்தான்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

பெட்டிக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"படிக்கல தம்பி. அழிச்சிட்டேன்."

அவன் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எவ்வளவு நேரம் எழுதினா?" என்று பெட்டிக்காரர்தான் கேட்டார்.

"பத்து நிமிஷம் இருக்கும் மாமா."

எழுந்து போய் அதே மீட்டரை எடுத்து வந்தார். அதில் ஒவ்வொரு எழுத்தையும் அம்புக்குறிப் பட்டனை அமுக்கி அமுக்கித் தேடிப் பிடிக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி 'அப்பா' என்று எழுதினார். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மூன்றாவது முறையும் எழுதிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தைக்கு அரை நிமிஷம் ஆகுது," என்றார். "பத்து நிமிஷத்துல இருபது வார்த்தை வரும். எனக்கு இருபது வார்த்தை எழுதியிருக்கா தம்பி."