இன்னொருவர் வண்டியில் ஓடும் என் கார்புரேட்டர்

நான் திருமயத்தில் மாட்டு டாக்டர். ரிப்பேருக்கு விட்ட மோட்டார் சைக்கிளைக் கேட்டு இன்றும் புதுக்கோட்டைக் கடைக்குப் போனேன். வண்டி மூலையில் கழற்றிப்போட்டபடி கிடந்தது.

"கார்புரேட்டர் எங்கங்க?"

"ஒருத்தரு அவசரம்னாரு. அவரு வண்டிக்கு மாட்டிவிட்டோம்," என்றார் மேனேஜர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நேத்து ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பசு கன்னு போட முடியாமக் கெடந்துச்சுங்க. நான் பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள தாயும் கன்னும் செத்துப்போச்சு."

அப்போதுதான் நிமிர்ந்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல? மெட்ராஸ்லேருந்து சாமான் வரணும். அடுத்த வாரம் வாங்க."

மாட்டுக்காரர் நேற்று என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆவுடையார்கோவில் பக்கம் மாடு வைத்திருப்பவர்களே, அடுத்த வாரம்வரை கன்று போட வேண்டாமென்று உங்கள் பசுக்களிடம் தயவுசெய்து சொல்லிப் பாருங்கள். கேட்டால் எனக்கும் தெரிவியுங்கள்.